ஸ்டார்ட்-அப்புக்கு முன் ‘தயார்’ என்று கையெழுத்துப் போடுவதற்கு மேலாளரிடம் என்ன ஆதாரம் இருக்க வேண்டும்?

வணக்கம் சார். கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட்டில் உங்கள் பிளாண்ட் ஐந்து மாதமாக நின்றிருக்கிறது. அந்த இடைவெளியில் டொலுயீன் என்ற சால்வென்டை (கரைப்பானை) மீட்டெடுக்கப் புதிதாக ஒரு டிஸ்டிலேஷன் காலம் (column, காய்ச்சி வடிக்கும் கோபுரம்) நிறுவியிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் ஓட்ட வேண்டும். தலைமை அலுவலகத்து ஆடிட் குழு வருவதற்கு முன் நாமே நம்மைச் சோதித்துக்கொள்வது எப்படி, செக்லிஸ்ட் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செக்லிஸ்ட் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் இருக்கும் கேள்வி “முடிந்ததா?” என்பது. அதற்கு “முடிந்தது சார்” என்ற பதில் எப்போதும் வரும், சொல்பவரும் நம்பித்தான் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது “முடிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காட்டுங்கள்” என்பது. இந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு வரிக்கும் கேட்டால் அதுதான் சுயமதிப்பீடு. கேட்காவிட்டால் நாற்பது பக்கச் செக்லிஸ்டும் கையெழுத்து வாங்கும் தாளாகத்தான் முடியும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆடிட் குழு உங்கள் குறைகளைக் கண்டுபிடித்துத் தர வருவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை தன் அணுசக்தி நிலையங்களுக்கு வைத்திருக்கும் விதியில் இந்த வரிசை கறாராக இருக்கிறது: மேலாளர்கள் முதலில் தாங்களே சோதித்து, நிலையம் தயார் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் வெளிக்குழு உள்ளே வரும். வெளிக்குழுவின் வேலை அந்த அறிவிப்பு உண்மையா என்று பார்ப்பது மட்டுமே. நீங்கள் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த இடத்தில் அவர்கள் இருபது குறை கண்டால், அந்த இருபதைவிடப் பெரிய குறை உங்கள் கண்ணுக்கு அவை படவில்லை என்பதுதான்.

யார் செய்வது? பாதுகாப்பு அதிகாரி தலையில் மொத்தத்தையும் கட்டிவிடாதீர்கள். உற்பத்தி, மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், எலக்ட்ரிக்கல் என ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் பகுதியைத் தானே சோதித்துத் தன் பெயரில் எழுத வேண்டும். கூடவே, இந்த பிளாண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் லாபநஷ்டம் இல்லாத ஒருவர் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் வேறொரு பிளாண்டில் ஷிப்ட் பார்க்கும் ஆள் போதும். பழகிய கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். எப்போது தொடங்குவது? ஃபிட்டர் இன்னும் ஃபிளாஞ்ச் மாட்டிக்கொண்டிருக்கும்போது தொடங்கினால், இன்று பார்த்தது நாளை மாறியிருக்கும். பகுதி பகுதியாக வேலை முடித்து, வேலை அனுமதிச் சீட்டை (பெர்மிட்) மூடி, அதன் பிறகு அந்தப் பகுதியை மதிப்பீட்டுக்கு எடுங்கள்.

பார்க்க வேண்டியவற்றைப் பொருள், தாள், ஆள் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பொருள்தான் அதிக நேரம் கேட்கும். பீ அண்ட் ஐ டி (குழாய்களையும் கருவிகளையும் காட்டும்) வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, மஞ்சள் மார்க்கரோடு இரண்டு பேர் லைன் லைனாக நடக்க வேண்டும். கையால் தொட்ட வால்வு, கண்ணால் பார்த்த என்ஆர்வியின் (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) அம்புக்குறி, டேக் நம்பர் படித்த சேஃப்டி வால்வு, இவற்றுக்கு மட்டுமே மஞ்சள். படத்தில் இருந்து தளத்தில் இல்லாததைச் சிவப்பில் குறியுங்கள். தளத்தில் இருந்து படத்தில் இல்லாததையும் சிவப்பில் குறியுங்கள். பின்னதுதான் ஆபத்து அதிகம்: யாரோ ஒருநாள் அவசரத்துக்குப் போட்ட ஹோஸ் இணைப்பும் பைபாஸ் லைனும் அங்கேதான் அகப்படும்.

ஷட்டவுனில் மாட்டிய பிளைண்டுகளுக்கு (குழாயை அடைக்கும் தகடுகளுக்கு) எண்ணிட்ட பட்டியல் இருக்கிறதா பாருங்கள். 34 மாட்டினால் 34 வெளியே வந்து மேசைமேல் கிடக்க வேண்டும், அல்லது ‘உள்ளேயே இருக்கட்டும்’ என்ற காரணத்தோடு பட்டியலில் இருக்க வேண்டும். 33 என்றால் அந்த ஒன்று கிடைக்கும்வரை அடுத்த வேலை கிடையாது. ஹைட்ரோ டெஸ்டுக்காகப் போட்ட தற்காலிக கேஸ்கெட்டும் அப்படித்தான். சால்வென்ட் லைனில் ரப்பர் கேஸ்கெட் தங்கிவிட்டால் டொலுயீனில் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும்.

ஐந்து மாதம் நின்ற பிளாண்டில், அதிலும் கடலோரத்தில், தனியாகச் சிலவற்றைப் பார்க்க வேண்டும். சேஃப்டி வால்வின் டிஸ்சார்ஜ் குழாயிலும் டேங்க் மூச்சுவிடும் பிரீதர் வால்விலும் தீ உள்ளே பாயாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டரிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது, கழற்றிப் பாருங்கள். சேஃப்டி வால்வுக்கு அடியில் ஐசொலேஷன் வால்வு இருந்தால் அது திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். டெஸ்ட் முடிந்து வந்த வால்வின் தலையில் கேக் ஸ்க்ரூ (டெஸ்டின்போது வால்வு திறக்காமல் இறுக்கும் திருகு) அப்படியே இருந்தால் அது எந்த அழுத்தத்திலும் திறக்காது. ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழியும் தகடு) தலைகீழாக மாட்டப்படுவதும் உண்டு. உப்புக் காற்றில் ஃபிளேம்புரூஃப் (உள்ளே எழும் தீயை வெளியே விடாத) மின்பெட்டிகளின் போல்ட் துருப்பிடித்து உடைந்திருக்கும். பத்து போல்ட்டில் ஒன்று குறைந்தாலும் அது ஃபிளேம்புரூஃப் இல்லை. கேபிள் கிளாண்ட் போடாத துளைக்கு எம்-சீல் வைத்து அடைத்திருந்தாலும் இல்லை. இன்சுலேஷனுக்குள் மழைநீர் இறங்கிய 304, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் சூடேறும்போது குளோரைடால் விரிசல் காணும். தகரம் நசுங்கிய, சீல் விட்ட இடங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார்களுக்கு மெக்கர் (மின்காப்புச் சோதனை) பார்க்காமல் பவர் கொடுக்க வேண்டாம்.

உங்கள் புதிய காலத்தில் ஒரே ஒரு கருவியை மட்டும் நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால், நான் சொல்வது அடிப்பகுதி லெவல் டிரான்ஸ்மிட்டர். டிபி (அழுத்த வேறுபாட்டு) வகை டிரான்ஸ்மிட்டர் உயரத்தை அளப்பதில்லை. திரவத்தின் எடை கொடுக்கும் அழுத்தத்தை அளந்து, அதை உயரமாகக் காட்டுகிறது. தண்ணீரின் அடர்த்தி 1. சாதாரண வெப்பத்தில் டொலுயீனின் அடர்த்தி சுமார் 0.87. 110 டிகிரியில் கொதிக்கும்போது அது சுமார் 0.78 ஆகிவிடும். சாதாரண வெப்ப டொலுயீனுக்காகக் கேலிப்ரேட் செய்த கருவி, வாட்டர் ரன் (சால்வென்டுக்கு முன் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்ப்பது) அன்று உண்மையைவிட 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சைட் கிளாஸோடு ஒத்துப்போகவில்லையே என்று இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் அன்றே ஸ்பானை (அளவீட்டு எல்லையை) தண்ணீருக்கு ஏற்ப மாற்றிவைப்பார். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். திரும்ப மாற்றுவதைத்தான் யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். பிறகு கொதிக்கும் டொலுயீன் உள்ளே இருக்கும்போது உண்மையான லெவல் 100 என்றால் பேனலில் 78 காட்டும். ஹை அலாரம் 80-இல் வைத்திருந்தால் அது அடிக்காது. ஆபரேட்டர் ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று ஃபீடைத் தொடர்வார்.

2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேரைக் கொன்ற விபத்தில் இதன் பெரிய வடிவம் நடந்தது. ஷட்டவுன் முடிந்து காலத்தை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்திருந்த அடர்த்தி பழைய தாளில் இருந்து எடுத்தது. உள்ளே திரவம் 158 அடிக்கு ஏறியிருந்தபோது கருவி எட்டு அடிக்கும் குறைவாக, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஸ்டார்ட்-அப்புக்கு முன் செய்ய வேண்டிய பாதுகாப்புப் பரிசோதனையை அந்த முறை செய்யவில்லை. இறந்தவர்கள் அந்த யூனிட்டை ஓட்டியவர்களும் அல்லர், பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த காண்டிராக்ட் ஆட்கள்.

ஆகவே கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட்டைப் பார்க்கும்போது தேதியைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எந்த அடர்த்திக்கு, எந்த வெப்பநிலைக்கு, எத்தனை மில்லிமீட்டர் ரேஞ்ச் என்று பாருங்கள். வாட்டர் ரன் முடிந்த பிறகு போட்ட தேதி இருக்க வேண்டும்.

இன்டர்லாக் (அளவு மீறினால் தானாக நிறுத்தும் அமைப்பு) டெஸ்டையும் கூடவே நின்று பாருங்கள். டிசிஎஸ்-இல் (கட்டுப்பாட்டுக் கணினியில்) ஃபோர்ஸ் கொடுத்து, அதாவது சிக்னலைச் செயற்கையாக வைத்து, ‘டிரிப் ஆகிறது சார்’ என்று காட்டுவது பாதி டெஸ்ட் மட்டுமே. லெவல் சேம்பரில் தண்ணீர் ஏற்றி, ஹை-ஹை புள்ளிக்கு வரும்போது ஃபீட் வால்வும் ஸ்டீம் வால்வும் தளத்தில் முழுதாக மூடுகின்றனவா என்று ஒருவர் வால்வருகே ஸ்டாப்வாட்சோடு நிற்க வேண்டும். வால்வுகளை இயக்கும் காற்றை (இன்ஸ்ட்ருமென்ட் ஏர்) மூடிப் பார்த்தால் எந்த வால்வு எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்துவிடும். ஸ்டீம் மூட வேண்டும், கூலிங் வாட்டர் திறக்க வேண்டும். ஐந்து மாதம் அசையாத வால்வு ஸ்டெம் ஒட்டிக்கொள்வதும், டியூபிங் மாற்றி மாட்டப்பட்டிருப்பதும், டிரிப் பட்டியலில் ஒரு எண்ணும் டிசிஎஸ்-இல் வேறு எண்ணும் இருப்பதும் இந்த டெஸ்டில்தான் வெளிப்படும். முடிந்ததும் ஃபோர்ஸ் பட்டியலை அச்சிட்டு வாங்குங்கள். அது வெற்றுத்தாளாக இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் இதே முறைதான். டீஜி செட் ஓடுகிறது என்பது போதாது. ஈபி இன்கமரை (வெளியிலிருந்து வரும் மின் இணைப்பை) உண்மையாகவே டிரிப் செய்து, கூலிங் வாட்டர் பம்பும் பேனல் யூபிஎஸ்ஸும் ஆவியைக் கழுவும் ஸ்க்ரப்பரும் தானாக வருகின்றனவா பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள்.

வாட்டர் ரன்னுக்குப் பிறகு தண்ணீரை வெளியேற்றுவதைத் தனி வேலையாக எடுங்கள். ரீபாய்லரின் (காலத்தின் அடியில் கொதிக்கவைக்கும் பகுதியின்) அடியிலும் பம்ப் கேசிங்கிலும் லைன் பள்ளங்களிலும் தேங்கிய தண்ணீர்மேல் நூறு டிகிரி தாண்டிய எண்ணெயோ சால்வென்டோ வந்தால், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,600 லிட்டர் ஆவியாக வெடித்துக் கிளம்பும். தெர்மிக் ஃப்ளூயிட் (சூடேற்றும் எண்ணெய்) சர்க்யூட் இருந்தால் 100 டிகிரியை ஒட்டி மெதுவாக ஏற்றி, எக்ஸ்பான்ஷன் டேங்க் வழியே நீராவி வருவது நின்ற பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்தது நைட்ரஜன். டொலுயீனின் ஃபிளாஷ் பாயின்ட் (தீப்பற்றும் அளவு ஆவி வரத் தொடங்கும் வெப்பம்) 4 டிகிரி, மெத்தனாலுக்கு 11. கடலூரில் மார்கழி விடியற்காலையிலும் இரண்டும் தீப்பற்றும் ஆவி கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் சால்வென்ட் ஏற்றுமுன் உள்ளே ஆக்சிஜனைக் குறைத்தாக வேண்டும். காலம் 2 கிலோ அழுத்தம் தாங்கும் என்று டிராயிங்கில் உறுதிசெய்துகொண்டு, நைட்ரஜனை 2 கிலோவுக்கு ஏற்றி வெளியே விட்டால் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். 21 முதல் தடவையில் 7 ஆகும், அடுத்ததில் 2.3, மூன்றாவதில் 0.8. கணக்கு அப்படி வந்தாலும் மேலே, கீழே, முட்டுச்சந்து லைன்களில் மீட்டர் வைத்து அளந்து 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஏற்றலாம். மொத்தக் கொள்ளளவு 10 கனமீட்டர் என்றால் மூன்று தடவைக்கு 60 கனமீட்டர் வேண்டும். ஒரு சிலிண்டர் 7 கனமீட்டர் என்று வைத்தால் ஒன்பது சிலிண்டர். ஸ்டோரில் நான்கு இருந்தால் ஒரு தடவையோடு நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கையை முன்பே பாருங்கள். டொலுயீன் நிலைமின்சாரம் சேர்க்கும் திரவம் என்பதால் டிப் பைப் முனை மூழ்கும்வரை வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு இஞ்ச் லைனில் அது மணிக்கு சுமார் 7 கிலோலிட்டர். ஃபிளாஞ்ச் ஜம்பரும் எர்த்திங்கும் பெயின்ட்டுக்கு மேலே மாட்டப்பட்டிருந்தால் இல்லாததற்குச் சமம்.

சேஃப்டி ஷவரை ஒரு வரியில் தாண்டாதீர்கள். நிமிடத்துக்குக் குறைந்தது 76 லிட்டர், 15 நிமிடம் நிற்காமல் வர வேண்டும். வெயிலில் ஓடும் குழாயில் நின்ற தண்ணீர் மே மாதம் பிற்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். ஆசிட் பட்டவர் அதன் கீழ் நிற்க மாட்டார், ஓடிவிடுவார். தெர்மாமீட்டரோடு மதியம் இரண்டு மணிக்குத் திறந்து பாருங்கள். 38 டிகிரிக்கு மேல் போனால் நிழலோ இன்சுலேஷனோ தேவை.

தாள் பகுதி சீக்கிரம் முடியும். புதிய காலத்துக்கு ஹசாப் (HAZOP, எங்கே என்ன தவறலாம் என்ற ஆபத்து ஆய்வு) செய்து அதன் ஒவ்வொரு பரிந்துரையும் தளத்தில் நிறைவேறியிருக்கிறதா, மாற்ற மேலாண்மைப் படிவம் மூடப்பட்டிருக்கிறதா, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பீஸோ (வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதிகளில் இந்தக் காலமும் அதன் டேங்கும் அளவோடு இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்ஓபியை (படிப்படியான இயக்க வழிமுறையை) அலுவலகத்தில் படிக்க வேண்டாம். பிளாண்டில் வைத்து ஒவ்வொரு படியிலும் “இந்த வால்வு எது?” என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எஸ்ஓபியில் உள்ள டேக் வால்வில் தொங்காவிட்டால் அந்தப் படி முடியவில்லை என்று எழுதுங்கள். ஆபரேட்டர் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்பதும் இங்கேயே சேரும்.

ஆள் விஷயத்தில் பயிற்சிப் பதிவேட்டுக் கையெழுத்து எதையும் நிரூபிக்காது. மூன்று ஷிப்டிலும் தனித்தனியாக அதே கேள்விகளைக் கேளுங்கள். கூலிங் வாட்டர் போனால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? ஸ்டீம் கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொண்டால் கையால் மூடுவது எது, கூட்டிப்போய்க் காட்டுங்கள். பேனலில் லெவல் நகரவே இல்லை, ஃபீட் போய்க்கொண்டிருக்கிறது, எதை நம்புவீர்கள்? கடைசியாக: யாரையும் கேட்காமல் நீங்களே பிளாண்டை நிறுத்தலாமா? இதற்கு “இன்சார்ஜைக் கேட்கணும் சார்” என்று பதில் வந்தால் குறை அந்த ஆபரேட்டர்மேல் இல்லை, உங்கள்மேல் எழுத வேண்டும். மூன்று ஷிப்டிலும் மூன்று விதமான பதில் வந்தால் பயிற்சி மறுபடி. காண்டிராக்ட் ஆட்களையும் கேளுங்கள், அவர்களுக்கு அசெம்பிளி பாயின்ட் எது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

நெருக்கடித் திட்டத்தைக் காற்றோடு சேர்த்துப் பாருங்கள். பகலில் கடற்காற்று எழுந்தால் ஆவி மேற்கே ஊர்ப் பக்கம் போகும், இரவில் தரைக்காற்றில் உப்பனாற்றுக்கு அக்கரையில் மீனவக் குடியிருப்புகள் பக்கம் திரும்பும். ஒரே அசெம்பிளி பாயின்ட் இரண்டுக்கும் பொருந்தாது. 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் ட்ரில் கேட்கின்றன. உங்கள் ஐந்து மாத நிறுத்தத்தில் அது விட்டுப்போயிருக்கும். ஸ்டார்ட்-அப்புக்கு முன், முடிந்தால் இரவு ஷிப்டில், ஒன்று நடத்துங்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் 12 உயிர்களைக் கொண்டுபோன ஸ்டைரீன் கசிவு, ஊரடங்கில் நின்றிருந்த ஆலையில் நடந்தது. டேங்கின் வெப்பத்தை அடியில் மட்டும் அளந்தார்கள், மேலே சூடேறியது தெரியவில்லை. பாலிமராவதைத் தடுக்கும் மருந்து கையிருப்பில் இல்லை. சைரனும் ஒலிக்கவில்லை. மூன்றும் ஒரு மதியப் பொழுதில் “காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக் கூடியவை. உங்கள் டேங்குகளிலும் ஐந்து மாதமாக இருக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

குறைகள் சேர்ந்த பிறகுதான் நிஜமான சோதனை வரும். ஒவ்வொன்றையும் ‘ஓட்டுமுன்’, ‘ஓட்டியபின்’ என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க மூன்று கேள்வி போதும். ஹசாப்பில் ஒரு விபத்துக்குத் தடுப்பாக இதை எண்ணியிருக்கிறோமா? சட்டமோ லைசென்ஸோ கேட்கிறதா? இதைப் பிறகு சரிசெய்ய, உள்ளே சால்வென்ட் இருக்கும்போது வெல்டிங் செய்யவோ பிளாண்டை நிறுத்தவோ வேண்டிவருமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அது ‘ஓட்டுமுன்’. பெயின்ட், லேபிளின் எழுத்து அளவு போன்றவை பிறகு ஆகட்டும், பெயரும் தேதியும் போட்டு.

டெஸ்பாட்ச் தேதி நெருங்கும் கடைசி மூன்று நாளில் ‘ஓட்டுமுன்’ பட்டியலில் இருப்பவை ஒவ்வொன்றாக ‘ஓட்டியபின்’ பக்கம் நகரும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் நியாயமான காரணம் இருக்கும். அதனால் வகைப்பாட்டைக் குறை கண்ட அன்றே எழுதிப் பூட்டிவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் உற்பத்தியைச் சாராத ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூடிய குறைகளில் ஐந்தில் ஒன்றையாவது நீங்களே தளத்தில் போய்ப் பாருங்கள்.

ஓட்டும் நாளுக்குச் சில ஏற்பாடுகள். காலை ஷிப்டில், எல்லாத் துறையினரும் உள்ளே இருக்கும்போது தொடங்குங்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் வேண்டாம். வேலையில்லாத காண்டிராக்ட் ஆட்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றுங்கள். வாட்டர் ரன், சால்வென்டோடு டோட்டல் ரிஃப்ளக்ஸ் (வடிந்ததை வெளியே எடுக்காமல் முழுதும் காலத்துக்கே திருப்பி விடுவது), பிறகுதான் உண்மையான ஃபீட், இந்த மூன்றுக்கும் நடுவே நின்று கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் புதிய படி தொடங்க வேண்டாம். விசாகப்பட்டினத்துக்குப் பிறகு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது, உற்பத்தி இலக்கைத் துரத்த வேண்டாம் என்றும் சொன்னது. அந்த வாரத்துக்கு டன் கணக்கு போடாதீர்கள் என்று மார்க்கெட்டிங்கிடம் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இறுதியில் ஆடிட் குழுவுக்குக் கொடுக்கும் அறிவிப்பு ஒரே பக்கம் இருந்தால் போதும்: எதைச் சோதித்தோம், யார் சோதித்தார், ‘ஓட்டுமுன்’ குறைகள் எத்தனை, மூடிய ஆதாரம் எங்கே, ‘ஓட்டியபின்’ எவை, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு. திறந்திருக்கும் குறையை மறைக்காமல் எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில் ‘இந்த மதிப்பீடு இன்ன தேதிவரை’ என்று ஒரு வரி சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி ஸ்டார்ட்-அப் பத்து நாள் தள்ளிப்போனால் பழைய கையெழுத்தை வைத்து ஓட்டிவிடக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா, பண்டில் (டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள்) தேங்கிய மழைநீரை வெளியேற்றத் திறந்த டிரெயின் வால்வு மறுபடி மூடப்பட்டதா, மோட்டார் மெக்கர் எவ்வளவு, நைட்ரஜன் அழுத்தம் நின்றதா, பிளைண்ட் பட்டியலில் ஏதாவது சேர்ந்ததா, இந்த ஐந்தையாவது புதிய தேதியோடு மறுபடி பார்க்க வேண்டும்.